முகாம் டிரெய்லர் சட்டகம்: கோணல் சரியானது (புதுப்பிப்பு)

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு முகாம் டிரெய்லருக்காக நான் வெல்டிங் செய்த இரும்புச் சட்டகம் தரையில் சமமாக உட்காரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. 50 மி.மீ. சதுரக் குழாய்களின் ஒவ்வொரு இணைப்பையும் முழுவதுமாக முடித்துவிட்டே அடுத்ததற்கு நகர்ந்ததால், ஆறும்போது சுருங்கிய உலோகம் சட்டகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மூலையை 11 மி.மீ. உயர்த்திவிட்டது.

இரண்டு குறுக்குக் குழாய்களை அறுத்தெடுத்து, சட்டகத்தைச் சமதளத்தில் இறுக்கிப் பிடித்து, எல்லா மூலைகளிலும் முதலில் சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைத்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பதை அளந்த பிறகே, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி முழு வெல்டிங்கையும் முடித்தேன். இப்போது வேறுபாடு 2 மி.மீ. மட்டுமே, மேலே ஒட்டுப்பலகைத் தரை வரப்போவதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். இழுவைத் தண்டு துத்தநாகம் பூசிய குழாய் என்பதால், பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, கதவைத் திறந்துவைத்தே வேலை செய்தேன். துத்தநாகம் சூடாகும்போது எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும்.

சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலைச் சட்டகத்தின் நட்டநடுவில் வைப்பதாக முன்பு சொல்லியிருந்ததுதான் உண்மையில் பெரிய பிழை. மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு டிரெய்லரை மாட்டும் காரின் இணைப்புக் குமிழின்மேல் இறங்காவிட்டால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கிவிடும். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பின்புறம் வருவதால், ஆக்சிலை 20 செ.மீ. பின்னுக்கு நகர்த்தி, இப்போதைக்கு போல்ட்டால் மட்டும் பிணைத்திருக்கிறேன். சாமான்களை ஏற்றி, முன்முனையை வீட்டு எடைக்கருவியின்மேல் நிறுத்திப் பார்த்த பிறகே அதன் இடத்தை முடிவு செய்வேன்.