பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வீட்டில் கொடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்துக்காரர்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கம் பல வீட்டில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பீரோ மேல் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய திட்டம். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் ஓஎஸ் (இயங்குதளம்), இலவசமானது. அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள், டெபியன் என்ற லினக்ஸை வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. ஆன் பண்ணும்போதே எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதே இல்லை, போய்ப் பாருங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. தொட்டுப் பார்க்காமலேயே லினக்ஸ் கஷ்டம் என்று பேர் வந்துவிட்டது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, அக்கா வீட்டு லேப்டாப்பில் அது கிடையாது. சரி என்று இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (பழைய மெஷினுக்கும் பாரமில்லாத லினக்ஸ்) போட்டுக் கொடுத்தேன்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் அடிக்கடி தொங்கினால் (ஹேங் ஆகி அசையாமல் நின்றால்), எந்த ஓஎஸ்ஸையும் திட்டுவதற்கு முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் ரேமின் (நினைவக அட்டையின்) தங்கநிறப் பற்கள் மங்கிப்போய் இருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, திரும்பச் செருகினேன், தொங்குவது நின்றது. அப்படியே பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டேன், வேகத்தில் பாதிக்கு மேல் அதனால்தான் என்பேன்.

போட்டு முடித்ததும் வைஃபை வரவில்லை. வீட்டில் புழங்குகிறவர் தனியாக இருந்தால் இந்த இடத்திலேயே மூடி வைத்திருப்பார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: செல்போனை சார்ஜர் வயரால் லேப்டாப்பில் மாட்டி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் (போன் நெட்டைப் பகிர்வது) ஆன் செய்தால் நெட் வந்துவிடும், அப்புறம் மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே இந்த டிரைவரைப் போடு என்று காட்டும், தேர்வு செய்து ரீஸ்டார்ட். எங்களுக்கு அதன்பின் வைஃபை தொல்லை வரவே இல்லை.

அக்காவுக்கு வேண்டியது கரண்ட் பில், சின்னவனின் பாடம், வீடியோ கால், எல்லாமே பிரவுசருக்குள். ஐகானைக் கீழே பெரிதாக வைத்துக் கொடுத்தேன். "எல்லாம் அங்கனயேதான இருக்கு தம்பி, இதுல என்ன புதுசு" என்றார். படகு கட்டிக் கிடந்த நாட்களில் மச்சானும் பழகிவிட்டார். ஜூன் 14-உடன் தடை முடிந்து தொழிலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, போவதற்கு முன் கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் தளத்தில் அலை உயரமும் காற்றும் பெரிய திரையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். பேட்டரி செத்த லேப்டாப் என்பதால் கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடும், திரும்ப ஆன் செய்தால் டிஸ்க்கைத் தானே சரிபார்த்துக்கொண்டு எழுந்துவிடுகிறது, இதுவரை ஒரு கோப்பும் கெடவில்லை.

எனக்குத் தோன்றுவது, வீட்டு ஆட்களுக்கு எளிதாக இருக்குமா என்பது முதல் நாள் பக்கத்தில் யார் உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, தெருவுக்கு ஒரே டிஸ்ட்ரோவாக (லினக்ஸ் வகையாக) இருக்க வேண்டும். ஒருவர் உபுண்டு, ஒருவர் ஃபெடோரா, ஒருவர் டெபியன் என்று போட்டுவிட்டால் சந்தேகம் வரும்போது ராமநாதபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். எங்கள் தெருவில் எல்லோரும் மின்ட் என்பதால் எதிர்வீட்டுப் பெண்ணே அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எது சிறந்தது என்று சண்டை போடுவதை விட இது முக்கியம்.

கீழக்கரைக்காரன்:

நீங்கள் சொல்வது சரி, ஆனால் பிரிண்டர் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஜெராக்ஸ் கடையில் மலிவாக ஒரு பழைய லேசர் பிரிண்டர் கிடைத்தது என்று வாப்பா வாங்கி வந்தார்கள். லினக்ஸில் கடைசி வரை ஒழுங்காக ஓடவில்லை, பேப்பர் பாதியில் நின்றுவிடும். பிறகு காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஏர்பிரின்ட் (வைஃபை வழியாக அச்சடிக்கும் வசதி) என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றை வாங்கினோம். வைஃபையில் சேர்த்ததும் டிரைவர் எதுவும் போடாமலே அச்சடித்தது. ஆகவே பிரிண்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிற வீடாக இருந்தால் மாற்றவே வேண்டாம், அது விண்டோஸுக்கென்று செய்தது. வீட்டில் சண்டைதான் வரும்.

தொண்டி டீச்சர்:

தமிழ் டைப்பிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் போட்டால் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஆங்கில ஒலிப்பில் அடிக்கிறவர்களுக்கும் தனியாக இருக்கிறது. எனக்கு இடைஞ்சல் வேறு. அலுவலகங்களிலிருந்து வரும் சில வேர்டு கோப்புகள் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், லிப்ரே ஆபிஸில் (லினக்ஸில் வேர்டுக்குப் பதில் இருப்பது) திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்து கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி, அதன் மேல் இரண்டு தடவை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அப்படியே தமிழாகிவிடும். சார், ஒரு கேள்வி. அப்டேட் போட்டு ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வது?

தங்கச்சிமடத்துக்காரர்:

டீச்சர், மின்டில் டைம்ஷிஃப்ட் என்று சிஸ்டத்தின் நிலையை எடுத்து வைக்கும் கருவி இருக்கிறது. வாரம் ஒருமுறை என்று வைத்துவிடுங்கள், சிஸ்டம் கெட்டால் முந்தைய வார நிலைக்குப் போய்விடலாம். உங்கள் போட்டோ, பாடக் குறிப்பை அது எடுத்து வைக்காது, அதைத் தனியாக பென் டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பயமாக இருந்தால் இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, கேமரா, பிரிண்டர் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும், விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்கள் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்தே போட்டுத் தருகிறேன்.