மாடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பேக்கப் ஆகுமா, ஆகாதா?

சைதை ஒயரிங்:
நேற்று ஒரு கம்ப்யூட்டர் பையன் கடைக்கு வந்து, டேலி சாஃப்ட்வேரில் இருக்கும் கடைக் கணக்கைக் கிளவுடில், அதாவது இணையத்தில் வேறு கம்பெனியின் சர்வரில், போடாவிட்டால் ஒருநாள் நடுத்தெருவில் நிற்பீர்கள் என்று பயமுறுத்திவிட்டுப் போனான். மாதச் சந்தா வேறு. எனக்குக் கீழே கடை, முதல் மாடியில் குடோன். குடோனில் ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்து, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் இழுத்திருக்கிறேன். ராத்திரி தானாகவே காப்பி ஆகிவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கடைக்குள் கழுத்தளவு நின்றபோதும் மாடிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? சின்னக் கடைக்காரனிடம் காசு பிடுங்கும் வேலை.

கணக்குப்பிள்ளை:
முதலாளி, மாடி வேறு இடம் ஆகாது. ஒரே கட்டடம், ஒரே மீட்டர், ஒரே ஷட்டர். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வெளியிடத்தில். இதைத்தான் 3-2-1 என்கிறார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு காப்பி, அதுவும் ஒரே கதவு எண்ணில்.

சைதை ஒயரிங்:
3-2-1 சொன்னவர்கள் யாரும் சைதாப்பேட்டையில் அந்த ராத்திரி இல்லை. நான் இருந்தேன். மாடிக்குத் தண்ணீர் வரவில்லை.

மிளகாய்ப்பொடி:
'வேறு இடம்' என்றால் பக்கத்துத் தெருவா, பக்கத்து ஊரா, அதை முதலில் முடிவு செய்யலாமே? சிங்க்கையும் (இங்கே மாறுவது அங்கேயும் உடனே மாறுவது) பேக்கப்பையும் (தனியாக எடுத்து வைக்கும் காப்பி) வேறு எல்லோரும் ஒன்றாகவே பேசுகிறோம்.

கணக்குப்பிள்ளை:
தண்ணீரை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2017 மே 31, தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தீ பிடித்தது கீழே. சரிந்து விழுந்தது மேல் மாடிகள். மிச்சக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளினார்கள். அங்கே மாடியில் டிஸ்க் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சைதை ஒயரிங்:
அது ஏழு மாடி, என்னுடையது ஒரே மாடி. துணியும் ஒயரும் ஒன்றா சார்?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், ஒயர் கடையில் தீப்பிடித்ததாகச் சென்னையில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை, பாருங்கள்.

ரிச்சி தெரு ரிப்பேர்:
ரெண்டு பேரும் மாடியை விட்டு இறங்குங்கள். சிக்கல் அந்தக் கேபிள்தான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் வந்தால், அதில் கேபிள் வழியாக இசட் டிரைவாகத் தெரிகிற மாடி டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்த பிறகு எங்கள் மேசைக்கு இப்படி எத்தனை டிஸ்க் வந்தது தெரியுமா? இன்னொன்று, தினமும் பழைய காப்பியின் மேலேயே எழுதினால், இன்று கெட்டுப்போன டேட்டா நேற்றைய நல்லதையும் அழித்துவிடும். கிழமைக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். ரெண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் செருகுங்கள். செருகாததை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சந்தாவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
டிஸ்க் விற்கிறவர் டிஸ்க் வாங்கச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கேபிள் விஷயம் சரி. நானும் அதைத்தான் சொல்கிறேன், மாடி வேறு இடம் இல்லை.

ரிச்சி தெரு ரிப்பேர்:
நீங்கள் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை சார். மேலே போய்ப் படியுங்கள். போன தீபாவளிக்கு இங்கே நடந்த டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) சண்டையிலும் இதே கதைதான், அடுத்தவன் சொன்னதை உங்கள் கணக்கில் வரவு வைத்தீர்கள்.

வேளச்சேரி வாசி:
எங்கள் ஏரியாவில் 2023 மிக்ஜாம் புயலில் மாடி நனையவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, தெருவில் படகு ஓடியது, கட்டடத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. நனையாத டிஸ்கை வைத்து நான் என்ன செய்வது? நவம்பர் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி போட வேண்டும், டேட்டா மாடியில் பத்திரமாகத் தூங்குகிறது.

சைதை ஒயரிங்:
அதற்குத்தான் டிசம்பர் 27 வரை நீட்டித்தார்களே. அப்புறம், டிஸ்க் நனையவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

வேளச்சேரி வாசி:
நீட்டித்தது 20ஆம் தேதி கெடு வந்த பிறகு. அதுவரை எங்கள் வயிற்றில் ஓடியது உங்களுக்குத் தெரியாது. சைதாப்பேட்டைக்காரர்களுக்கு 2015 ஒன்றுதான் வெள்ளம்.

சைதை ஒயரிங்:
2015இல் செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது உங்கள் ஏரிக்கா வந்தது? எங்கள் ஆற்றுக்கு. ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்டு எங்களுக்கு வெள்ளம் பாடம் எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஏரியை விடுங்கள். முதலாளி, ஒரே கேள்வி. அந்த டிஸ்கிலிருந்து கணக்கை எப்போதாவது திரும்ப எடுத்து, அதாவது ரீஸ்டோர் செய்து, பார்த்தீர்களா? வேறு ஃபோல்டரில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டேலியில் இப்போது ஓடுகிற கணக்கின் மேலேயே பழையதை எழுதிவிடும்.

சைதை ஒயரிங்:
தினமும் பச்சை விளக்கு எரிகிறது.

கணக்குப்பிள்ளை:
பச்சை விளக்கு கரண்ட் வருகிறது என்று சொல்லும். கணக்கு இருக்கிறது என்று சொல்லாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் விளக்கைக் காட்டுவீர்களா?

சைதை ஒயரிங்:
பில் புத்தகம் இருக்கிறது. அதுவும் மாடியில்தான்.

மிளகாய்ப்பொடி:
கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் போட்டால் என்ன? என் கேள்வியைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை:
டேலி திறந்திருக்கும்போதே சிங்க் ஓடினால் பாதி எழுதிய ஃபைல்தான் மேலே போகும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான். டேலியிலேயே பேக்கப் எடுத்து அந்த ஃபைலைப் போடுங்கள். ஒரிஜினல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

சைதை ஒயரிங்:
யாரைச் சொல்கிறீர்கள்? என் லைசென்ஸ் பில் இருக்கிறது. வந்து பாருங்கள்.

ரிச்சி தெரு ரிப்பேர்:
போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள் சார், குடோனில் இருட்டாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
உங்களைச் சொன்னேன் என்று நான் எங்கே சொன்னேன்? 72 மாதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. டிடிஎஸ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்பதையும் ரிச்சி தெரு இன்றுவரை மறுக்கவில்லை.

ரிச்சி தெரு ரிப்பேர்:
மறுத்தேன். மூன்று தடவை. நீங்கள்தான் படிக்கவில்லை.