தாங்கி நீர்மட்டம்: ஒவ்வொரு அளவீட்டையும் சேமிக்க வேண்டுமா?

உவர்மலைவாசி: நிலாவெளித் தம்பி நேற்றுப் போட்ட, அளவீடுகளைக் கோடாகக் காட்டும் கிரஃபானா வரைபடம் பார்க்க வடிவுதான். ஆனால் தாங்கி நீர்மட்டம், மோட்டர் இழுக்கும் கரண்ட், அறைச் சூடு எல்லாம் 10 செக்கனுக்கு ஒருதரம் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்குள் போகிறதாம். ஒரு சென்சருக்கே நாளைக்கு 8640 பதிவு. இதெல்லாம் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் எஸ்டி கார்ட் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வீட்டுச் சென்சர்களை நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் தானாகவே 10 நாள் விவரத்தை வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் மணித்தியாலச் சராசரி, கூடியது, குறைந்தது மூன்றும் அழியாது. வீட்டுக்கு இது போதாதா?

நிலாவெளிக்காரன்: ஸ்டேட் கிளாஸ் (என்ன வகை அளவீடு என்று சொல்லும் அமைப்பு) போடாத சென்சருக்கு அந்த மணித்தியாலக் கணக்கே கிடையாது, அண்ணே. போட்டாலும் என்ன? எங்கள் மோட்டர் ஓடுவதே கால் மணித்தியாலம். சராசரியில் அது கரைந்துவிடும். கிணற்று நீர் இறங்கி மோட்டர் வெறுமனே சுற்றினால் கரண்ட் சட்டென்று குறையும். அதைச் செக்கன் கணக்கில்தான் பிடிக்கலாம்.

உவர்மலைவாசி: பிடித்து நிறுத்துவது ஆட்டோமேஷனின், அதாவது தானாக இயங்கும் விதியின் வேலை. அது அந்த நேரத்து அளவைப் பார்க்கும். பழைய பதிவைப் புரட்டாது. சென்சர் அடிக்கடி அளக்கட்டும், நான் மறிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

நிலாவெளிக்காரன்: ராத்திரி ஏன் நின்றது என்று காலையில் பார்க்க வேண்டாமா?

உவர்மலைவாசி: அதற்குத்தானே 10 நாள்!

நிலாவெளிக்காரன்: மாரியில் கிணறு முட்ட இருக்கும், கச்சான் காலத்தில் அடிக்குப் போய்விடும். இரண்டு காலத்திலும் மோட்டர் எப்படி இழுத்தது என்று ஒப்பிட 10 நாள் எந்த மூலைக்கு?

தம்பலகாமத்தான்: இரண்டு பேரும் மின்வெட்டை மறந்துவிட்டுக் கதைக்கிறீர்கள். வெட்டு நேரத்தில் அளவீடே இல்லை. நிலாவெளியாரின் வரைபடத்தில் அந்த இடத்திலும் கோடு நேராகப் போகிறது. தரவை எடுக்கும் வினவலில் ஃபில் பிரீவியஸ் போட்டிருப்பார். கடைசி அளவையே இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக, வெறுமையாகவே விடும் ஃபில் நல் போட்டு, வெற்றிடங்களை இணைக்கும் தெரிவையும் நிறுத்துங்கள். இடைவெளி இடைவெளியாகவே தெரியும்.
இன்னொன்று. ராஸ்பெரி பை 4 மாடல் வரைக்கும் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் உள்ளே இல்லை; நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கும். கரண்ட் வந்து பை எழும்பும்போது ரவுட்டருக்கு இணையம் வந்திராவிட்டால், பழைய நேரத்தோடே பதிவு விழும். பிறகு மோட்டர் எப்போது ஓடியது என்று பார்த்து என்ன பயன்?

நிலாவெளிக்காரன்: ஃபில் பிரீவியஸ்தான். மாற்றுகிறேன். கடிகாரத்துக்கு டிஎஸ்3231 சில்லு ஒன்று பூட்டினால் சரி. ஆனால் 10 செக்கனை விடமாட்டேன்.

உவர்மலைவாசி: நீர்மட்டத்துக்கு 10 செக்கன் சுத்த வீண். ஒலியால் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சரின் அளவு, தண்ணி அலை மோதினாலே எகிறும். நீங்கள் சேமிப்பதில் பாதி அந்த ஆட்டம்தான். கரண்டை மட்டும், அதுவும் மோட்டர் ஓடும்போது மட்டும் எழுதுங்கள். உங்கள் ஒப்பீட்டுக்கு அது தாராளம்.

நிலாவெளிக்காரன்: மோட்டர் நிற்கும்போதுதானே அண்ணே தாங்கி ஒழுகுவது தெரியும்?

உவர்மலைவாசி: ஒழுக்குக்கு மணித்தியாலக் கணக்கே காணும் தம்பி. ராத்திரி ஒருவரும் தண்ணி பாவிக்காத நேரத்தில் மட்டம் இறங்கினால் அதிலேயே தெரியும்.