போலிங்: சுற்றுவினவலா, சுற்றுநோட்டமா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். எந்த மென்பொருள் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று லினக்ஸில் கணக்கெடுக்கும் நிரலே செயலியின் (சிபியு) நேரத்தைத் தின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்யும் கையேட்டில் ‘போலிங்’ என்ற சொல்லுக்கு ‘வாக்கெடுப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். ‘வாக்கெடுப்பு இடைவெளியைக் கூட்டுக’ என்றால் படிப்பவருக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ‘சுற்றுவினவல்’ எனலாமா? தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி நிரை நிரையாகப் போய் ஒவ்வொரு கூடையையும் எட்டிப் பார்ப்பது ஒரு வழி. கூடை நிறைந்தவர் எடைக்குக் கொண்டு வருவது இன்னொரு வழி. முதல் வழிதான் போலிங்.

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, உவமை கச்சிதம். ‘வினவல்’தான் இடிக்கிறது. தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் ‘குவெரி’க்கு அது வேரூன்றிவிட்டது. தவிர, இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, பார்க்கத்தான் செய்கிறார்கள். கண்காணிப்பு நிரல், கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) காட்டும் ‘ப்ராக்’ அடைவில் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒவ்வொன்றின் கோப்புகளையும் திறந்து, படித்து, மூடுகிறது.

200 செயல்முறைகள், ஆளுக்கு 3 கோப்புகள், கோப்புக்கு 3 அமைப்பு அழைப்புகள் (நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள்): ஒரு சுற்றுக்கு 1,800. இடைவெளி 0.1 நொடி என்றால் நொடிக்கு 18,000. அதையே 10 நொடியாக்கினால் 180 தான். படிக்கும் கோப்பு, நினைவகப் பயன்பாட்டை விவரிக்கும் ‘எஸ்மேப்ஸ்’ என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் ஒவ்வொரு முறையும் கர்னல் நினைவகப் பக்க அட்டவணையை வரிசையாகப் பார்த்துக் கணக்கிட வேண்டும். எது ஓடுகிறது என்று மட்டும் அறிய அந்தக் கோப்பே தேவையில்லை.

கையேட்டில் கண்டறியும் முறையும் இருக்கட்டும். செயலியின் சுமையைக் காட்டும் ‘டாப்’ கட்டளையின் திரையில் 1 அழுத்தினால் செயலியின் கருக்கள் தனித்தனியாகத் தெரியும். ‘எஸ்ஒய்’ (கர்னலின் பங்கு) எண் ‘யுஎஸ்’ (நிரல்களின் பங்கு) எண்ணைவிட ஏறி நின்றால் நேரம் கர்னலுக்குள் போகிறது. பிறகு, அமைப்பு அழைப்புகளை எண்ணிக்காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கட்டளையை மைனஸ் சி, மைனஸ் எஃப் தேர்வுகளுடன் கண்காணிப்பு நிரலின் மேல் 10 நொடி ஓடவிட்டு, கன்ட்ரோல் சி அழுத்துங்கள். ‘ஓப்பன்அட்’, ‘ரீட்’, ‘குளோஸ்’ மூன்றும் அட்டவணையின் உச்சியில் நின்றால் குற்றவாளி போலிங்தான். எஸ்ட்ரேஸே நிரலை மெதுவாக்கும், நெடுநேரம் விடக்கூடாது.

சொல்லுக்கு ‘சுற்றுநோட்டம்’ எப்படி? ‘நோட்டமிடு’ என்று வினையாகும், ‘நோட்ட இடைவெளி’ என்று சுருங்கும்.

குன்னூரிலிருந்து:

நோட்டம் நன்றாக இருக்கிறது. சாதனங்களுக்கும் பொருந்துமா?

கோத்தகிரியிலிருந்து:

பொருந்தும். அங்கும் செயலி, சாதனத்தின் நிலைப் பதிவகத்தை (அதன் நிலையைக் குறித்துவைக்கும் சிறு நினைவிடம்) திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கத்தான் செய்கிறது. எதிர்ச்சொல்லாக ‘நிகழ்வறிவிப்பு’ வைக்கலாம், எடைக்கு வரும் கூடை அது. கர்னல் செய்தி அனுப்பும் ‘ப்ராக் கனெக்டர்’ வழியாகச் செயல்முறை பிறப்பதும் முடிவதும் பற்றிய அறிவிப்புகள் தாமே வந்து சேரும், பழைய கர்னல்களில் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும். சுற்றுநோட்டத்தில் இரண்டு சுற்றுக்கு நடுவே பிறந்து மடியும் செயல்முறை தப்பிவிடும், இதில் தப்பாது. ஆனால் நிரல் தொகுக்கும் கணினியில் குட்டிச் செயல்முறைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். வாங்கும் இடையகம் (அறிவிப்புகள் காத்திருக்கும் நினைவிடம்) நிரம்பினால் அறிவிப்புகள் தொலையும், அங்கே இடையகத்தைப் பெரிதாக்க வேண்டும்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ‘சிபியுகோட்டா’ (செயலி நேர உச்சவரம்பு) 10 சதவீதம் என்று நிரலைக் கட்டிப்போடுவதைத் தீர்வாக எழுத வேண்டாம். சுமை அடங்கியதுபோல் தெரியும், சுற்று முடிய நேரமாகி எண்ணிக்கை பிசகும். முதலில் நோட்ட இடைவெளி.

குன்னூரிலிருந்து:

சரி ஐயா. வரைவில் மாற்றிவிட்டேன்: ‘சுற்றுநோட்ட இடைவெளியை 10 நொடியாக்குக. எஸ்மேப்ஸ் படிப்பதை நிறுத்துக.’ கலைச்சொல் பட்டியலில் ‘சுற்றுநோட்டம்’, ‘நோட்ட இடைவெளி’, ‘நிகழ்வறிவிப்பு’ மூன்றையும் சேர்த்தாயிற்று.