மாஸ்ட் செல்: ஊட்டணுவா, பொதியணுவா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வாமையில் பங்குகொள்ளும் நோயெதிர்ப்புச் செல்லான மாஸ்ட் செல்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"மாஸ்ட் செல்லுக்கு 'ஊட்டணு' என்று வைக்கலாமே, ஜெர்மன் மூலத்துக்கும் அதுதானே பொருள்?" என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். பொருள் சரிதான், மூலம்தான் தவறு. 1878இல் பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்குப் பெயரிட்டபோது, தீனி மிகுந்து கொழுத்த செல் என்று எண்ணிவிட்டார். உள்ளே இருப்பவையோ தீனி அல்ல; ஹிஸ்டமின், ஹெப்பாரின் ஆகிய வேதிப்பொருள்களும், டிரிப்டேஸ், கைமேஸ் ஆகிய நொதிகளும். அவருடைய பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'மாஸ்ட்' என்றே விட்டால், அந்த ஆங்கிலச் சொல்லுக்குரிய பாய்மரம் நினைவுக்கு வருகிறது. எனக்கே முதலில் வந்தது.

'பொதியணு' என்று வைக்கலாம். டொலுயிடின் நீலம் என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். சுற்றியுள்ளவை எல்லாம் நீலமாக இருக்க, இது மட்டும் செவ்வூதாவாகத் தெரியும். உட்கருவையே மறைக்கும் அளவுக்குக் குறுமணிகளைத் திணித்துக் கட்டிய மூட்டை.

சொல்லின் பலம் வினையில் தெரியும். குறுமணிகளை வெளியே கொட்டுவதற்குக் 'குறுமணிநீக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரோ வந்து நீக்கியதுபோல் இருக்கிறது. பொதி என்றால் அவிழும், ஆகவே 'பொதியவிழ்வு'. உதட்டுப் புற்று பற்றிய என் கட்டுரைக்காக எழுதிப் பார்த்தேன்: "பல்லாண்டு வெயில் பட்ட கீழுதட்டில் பொதியணுக்கள் பெருகுகின்றன. பொதியவிழ்வில் வெளிப்படும் டிரிப்டேஸும் கைமேஸும், உறங்கிக் கிடக்கும் எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) நொதிகளை எழுப்பக்கூடும். அவை மேல்படலத்துக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடிச்சவ்வின் நான்காம் வகைக் கொலாஜன் புரதத்தை அரித்தால், புற்றுச்செல்கள் கீழே இறங்க வழி பிறக்கும்."

இந்தச் செல்கள் புற்றுக்குத் துணைபோகின்றனவா, எதிர்க்கின்றனவா என்பது புற்றுக்குப் புற்று மாறுகிறது. ஆகவே பெயர் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது நல்லது. 'ஊட்டணு' சாய்கிறது, அதுவும் புற்றை ஊட்டி வளர்ப்பதாக.

எம்எம்பிக்குத் தமிழ்ப்பெயராக வந்த 'அணி உலோகப் புரதச்சிதைப்பி' எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. மேட்ரிக்ஸ் என்றதும் கணக்குப் பாடத்து அணியைக் கொண்டுவந்து உதட்டில் வைத்துவிட்டார்கள்! இங்கே அது செல்களுக்கு இடையே கிடக்கும் பொருள். 'இடைப்பொருள் அரிநொதி' போதாதா? உலோகம் விடுபடுகிறது என்பீர்கள். துத்தநாகம் இல்லாமல் இது இயங்காது என்பதை விளக்கத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம்.

பேசோஃபில் என்ற வெள்ளணுவும் பொதி சுமக்கிறதே என்ற கேள்வி வரும். அது குருதியில் திரிவது, இது திசுவில் குடியிருப்பது; அதன் பெயரும் சாயத்தை வைத்து வந்தது. குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கட்டுரையில் இன்னும் 'மாஸ்ட்' என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.