நடைபாலம் உங்கள் காலடியில் அசைந்ததுண்டா?

செந்தூல்வாசி:
தைப்பூசத்திற்கு முந்திய இரவு, பத்துமலையிலிருந்து திரும்பும் கூட்டத்தோடு ஓர் இரும்பு நடைபாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் உறுமி முழங்கியது. முன்னே ஓர் அம்மா கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்த பொட்டலத் தேநீர், யாரும் தொடாமலேயே தூளியைப்போல இடமும் வலமுமாக ஆடியது. உறுமியின் தாளம்தான் பாலத்தை ஆட்டியிருக்க வேண்டும். ஆனால் இன்றும் என்னை உறுத்துவது வேறு: சற்று நேரத்தில் நானும் கால்களை அகட்டி, அந்த ஆட்டத்திற்கு ஏற்பவே நடந்துகொண்டிருந்தேன்.

ஆயர் ஈத்தாம்காரன்:
உறுமியின்மேல் பழி போடாதீர்கள். நாம் நொடிக்கு ஏறத்தாழ 2 அடி எடுத்து வைக்கிறோம். இடக்காலும் வலக்காலும் மாறி மாறிப் பக்கவாட்டில் தள்ளுவதால், அந்தத் தள்ளல் நொடிக்கு ஒரு சுற்றாகிறது. பாலத்தின் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண்ணும் (தானாக ஆடவிட்டால் அது நொடிக்கு எத்தனை முறை ஆடுமோ, அந்த எண்) அதற்கு அருகில் இருந்துவிட்டால், சிறு அசைவு தொடங்கியதும், தடுமாறாமலிருக்க நீங்கள் செய்ததையே எல்லோரும் செய்வார்கள். அதுவே ஆட்டத்தை வளர்க்கும். லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு இரண்டே நாளில் மூடப்பட்டது இதனால்தான். கெட்டியான திரவத்தால் ஆட்டத்தை உறிஞ்சும் 37 பாகுநிலைத் தணிப்பான்களையும், தானும் ஆடிப் பாலத்தின் ஆட்டத்தை அடக்கும் பாரம் கொண்ட ஐம்பதுக்கு மேற்பட்ட நிறைத் தணிப்பான்களையும் பொருத்திய பிறகு, 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள். ஆகவே இனி அப்படி நேர்ந்தால், நடப்பதை நிறுத்திக் கம்பியைப் பிடித்து நில்லுங்கள். ஓடாதீர்கள், பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். என் அனுபவமா? பினாங்கு மலையில் ஒரு தொங்குநடையில் லேசாக மேலும் கீழும் ஆடினேன், அவ்வளவே.

பழைய கிள்ளான்சாலையார்:
நிற்கச் சொல்வது எளிது. தைப்பூசக் கூட்டத்தில் பின்னால் வருபவர் நிற்பாரா? நான் தணிப்பான் பொருத்தும் வேலையில் இருந்தவன். ஒரு நடைபாலம் அதிர்கிறது என்று புகார் வந்தது. உடன் வந்த இளைஞர் பாலத்தின் நடுவில் குதிகால்களை உயர்த்தித் தொப்பென்று ஊன்றினார். அளவியில் அதிர்வு அடங்க மறுத்தது. அங்கே இருந்தது நிறைத் தணிப்பான்: தளத்தின் அடியில் சுருள்வில்களில் அமர்ந்த எஃகுக் கட்டி, பாலத்தின் ஆட்டத்திற்குப் பின்தங்கி ஆடி, அதன் ஆற்றலை எண்ணெய்த் தணிப்பானில் கரைக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். லாரியில் வரும்போது கட்டி அசையாதிருக்கப் பூட்டிய சிவப்பு போல்ட்டுகள் நான்கும் அப்படியே இருந்தன. அத்தனை ஆண்டுகளும் அது வெறும் பாரமாகக் கிடந்திருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டதாகக் கையொப்பமிட்ட தாள் மட்டும் கோப்பில் பத்திரமாக இருந்தது.