சான்டா கிளாரா கவுன்டி: ஓவர்டைம் சம்பளத்தால் நின்றுபோன வாடகை வீட்டு விண்ணப்பம்

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில், வரிச்சலுகைத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வீடு கேட்டிருந்தோம். எங்கள் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுவதாகச் சொல்லி நிர்வாகத்தினர் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

நாங்கள் நால்வர். இங்கே 2024இல் நால்வர் குடும்பத்துக்கான இடைநிலை வருமானம் 1,84,300 டாலர்; நாங்கள் கேட்ட வீடோ 60 சதவீதப் பிரிவை, அதாவது இந்த இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகாத குடும்பங்களுக்கான பிரிவைச் சேர்ந்தது. மருத்துவமனையில் பணிபுரியும் என் மனைவி, ஆள் பற்றாக்குறையால் குளிர்காலத்தில் மட்டும் ஓவர்டைம் பார்த்தார். அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளில் இருந்த ஓவர்டைம் தொகையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கியதால்தான் நாங்கள் வரம்பைத் தாண்டினோம். அடுத்த 12 மாதங்களில் எதிர்பார்க்கப்படும் வருமானமே கணக்கில் வர வேண்டும் என்பது விதி என்பதால், இது எங்களுக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஓவர்டைம் இல்லாத பிந்தைய சம்பளச் சீட்டுகளையும் முந்தைய ஆண்டின் வரிக் கணக்கையும் அனுப்பிவிட்டோம். ஓவர்டைம் முடிந்துவிட்டதாக மேலாளர் எழுதிய மின்னஞ்சலை, வேலைச் சரிபார்ப்புப் படிவம் அல்ல என்று ஏற்க மறுத்தார்கள். மனிதவளப் பிரிவோ அந்தப் படிவத்தில் இதுவரை வாங்கிய மொத்தத் தொகையை மட்டுமே நிரப்பித் தருகிறது. கவுன்டி வீட்டுவசதி அலுவலகத்தைக் கேட்டால், முடிவு குடியிருப்பு நிர்வாகத்தின் கையில் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் தாயார் விருந்தினர் என்பதால், ஐவர் குடும்பத்துக்கான உயர்ந்த வரம்பும் பொருந்தாது.

தற்காலிக ஓவர்டைமைக் கணக்கிலிருந்து நீக்கவைத்தவர்கள் இருந்தால், வேலை கொடுப்பவரிடமிருந்து எந்த வாசகத்தோடு கடிதம் பெற்றீர்கள்?